தட்டில் நரம்பு செல்லா, உருண்டை ஆர்கனாய்டா: சேலத்துச் சிறு ஆய்வகத்துக்கு எது தாங்கும்?

மூளை நோய்க்கு எலி மட்டும் போதாது என்பது தெரிந்ததே. 2007-ல் மனித ஐபிஎஸ் செல் (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பப்பட்ட சாதாரண உடல் செல்) வந்தபின், நோயாளியின் ரத்தத்திலிருந்தே அவருடைய நரம்பு செல்லை உருவாக்கிவிடலாம். அதற்கு வழி இரண்டு. ஒன்று, செல்லை நரம்பு செல்லாக மாற்றும் என்ஜிஎன்2 மரபணுவை டாக்சிசைக்ளின் என்ற மருந்தால் முடுக்கி, இரண்டே வாரத்தில் தட்டில் நரம்பு செல் எடுப்பது. மற்றது, 2013-ல் லான்காஸ்டரும் நோப்லிக்கும் காட்டிய ஆர்கனாய்டு. மூளைத் திசுவைப் போல, மாதக்கணக்கில் சுழற்றி வளர்க்கும் பட்டாணி அளவு செல் உருண்டை அது.

சேலத்தில் கல்லூரி அளவில் ஆய்வகம் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது தட்டைத்தான். முதல் காரணம்: பராமரிப்பு.

24 உருண்டைகளை இரண்டு கிண்ணத்தில் வைத்தால் ஒவ்வொரு முறையும் மொத்தம் 10 மில்லி மீடியம் (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) மாற்ற வேண்டும். வாரம் இரண்டு முறை வீதம் 120 நாளுக்கு ஏறக்குறைய 340 மில்லி. தட்டு முறையில் 24 குழித் தட்டுக்கு நான்கு வாரத்தில் 50 மில்லிக்குள் முடிந்துவிடும். செலவைவிடக் கொடுமை கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் மாலை 5 வரை நீளும். அன்று ஜெனரேட்டர் மக்கர் செய்தால் தட்டில் போவது மூன்று வார உழைப்பு, உருண்டையில் போவது நான்கு மாதம். தட்டு முறையில் நான்காம் நாள் செல்களை உறையவைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து வளர்க்கலாம். வளர்ந்த உருண்டையை உறையவைத்து மீட்பது அவ்வளவு எளிதல்ல.

சித்திரை வெயிலும் உருண்டைக்கு எதிரி. உருண்டையைப் பொதியும் புரதக் கூழான மேட்ரிஜெல் 10 டிகிரி தாண்டினாலே இறுகத் தொடங்கும். பிப்பெட் முனையை ஐஸில் குளிரவைக்காவிட்டால், 30 மைக்ரோலிட்டர் சொட்டு விழுவதற்குள் அந்த முனையிலேயே இறுகி நிற்கும். உருண்டையைச் சுழற்ற இன்குபேட்டருக்குள் ஓடும் ஷேக்கரின் மோட்டாரும் சூடு தரும். ஈரத்தில் துருவும் பிடிக்கும். உருண்டை அரை மில்லிமீட்டரைத் தாண்டிப் பெருத்தால் ஆக்சிஜன் உள்ளே எட்டாமல் நடுப்பகுதி செத்துப்போகும்.

தட்டிலும் தொல்லை உண்டு. மூன்றாம் வாரம் செல்கள் பாய்போலச் சுருண்டு உரிந்தால், பெரும்பாலும் செல் ஒட்டுவதற்குத் தட்டில் பூசும் லேமினின் புரதப் பூச்சு சரியில்லை, இல்லையேல் மீடியத்தை முழுதாக மாற்றியிருப்பார்கள். பாதிதான் மாற்ற வேண்டும். எலியின் ஆஸ்ட்ரோசைட்டை (நரம்பு செல்லுக்குத் துணை செல்) சேர்க்காவிட்டால் சினாப்ஸ் எனும் நரம்பு இணைப்பு சரியாக வளராது. பெரிய குறை, என்ஜிஎன்2 தருவது மற்ற செல்களைக் கிளர்த்தும் நரம்பு செல் மட்டுமே. டிராவெட் என்ற மரபுவழி வலிப்பு நோயில் பழுதாவது பெரும்பாலும் மற்றவற்றை அடக்கும் செல். அதற்கு ஏஎஸ்சிஎல்1, டிஎல்எக்ஸ்2 என்ற வேறு இரு மரபணுக்களின் கூட்டணி வேண்டும்.

மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போலப் பல மரபணுக்கள் சேர்ந்த நோய் என்றால் தட்டுதான். ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. அதே செலவில் கூடுதல் நபர்களின் செல்களைப் பார்க்கலாம். ஒரே தொகுதி உருண்டைகளே ஒன்றுபோல் ஒன்று இராது. மைக்ரோசெஃபாலி (மூளை சிறுத்துப்போவது) மாதிரி மூளை உருவாகும்போதே கெடும் நோய்க்கு மட்டும் ஆர்கனாய்டு இல்லாமல் ஆகாது. அல்சைமருக்கு இரண்டையும் தயக்கத்தோடுதான் சொல்வேன்: ஐபிஎஸ் ஆக்கும்போதே முதுமையின் அடையாளங்கள் பெரிதும் அழிந்துவிடுகின்றன.

ஆர்கனாய்டு வேண்டியே தீரும் என்றால், இங்கே ஐபிஎஸ் செல் தொகுதியைச் சீராக்கி, கேரியோடைப் (குரோமோசோம் சோதனை) பார்த்து, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கிறதா எனச் சோதித்து, திரவ நைட்ரஜனில் பெங்களூரு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புங்கள். சுமார் 200 கிலோமீட்டர்தான். உருண்டையை அங்கே வளர்த்துக்கொள்ளலாம்.