வால்வு ஹெட், 8 ஓம் பாக்ஸ்: உப்புக்காற்றில் ஓம் பொருத்தம் எப்படித் தாங்குகிறது

20 வாட் வால்வு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் வால்வு கிட்டார் ஆம்ப்), பின்னால் 4, 8, 16 ஓம் ஜாக்குகள். கூடவே இரண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட 8 ஓம் பாக்ஸ். சர்ச் கொயர், கிறிஸ்துமஸ் கேரல், கல்யாண வரவேற்பு என்று குமரி மாவட்டத்தில் ஓடும் கிட்டார் செட்டுக்கு இந்த ஜோடி தாராளம். வாங்கிய அன்று ஓம் பொருத்துவது, அதாவது ஹெட்டையும் பாக்ஸையும் ஒரே ஓமில் சேர்ப்பது, இரண்டு நிமிட வேலை. பாக்ஸில் 8 என்று எழுதியிருந்தால் ஹெட்டிலும் 8-ல் குத்தினால் போதும். ஆனால் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வருடத்துக்கு இரண்டு பருவமழை; மீதி நாளெல்லாம் உப்புக்காற்று. ஒரு வருடம் போனபின் அந்த 8, ஆம்புக்கு இன்னும் 8 ஆகத்தான் தெரிகிறதா என்று பார்ப்பவர் குறைவு. இங்கே ஆம்ப் போவதற்குக் கணக்குத் தப்பைவிட, உலோகத்தில் பச்சையாகப் படரும் களிம்புதான் பெரிய காரணம்.

அதைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 200 ஓமில் வைத்து முதலில் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட வேண்டும். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது ப்ரோப் வயரின் கணக்கு, கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் கேபிளை ஹெட்டிலிருந்து உருவி, பாக்ஸ் பக்கம் அப்படியே விட்டுவிட்டு, உருவிய பின்னின் நுனியில் ஒரு ப்ரோப், தண்டில் ஒரு ப்ரோப். இப்போது கேபிள், ஜாக், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்த அளவு வந்துவிடும். நல்ல 8 ஓம் பாக்ஸ் 6-லிருந்து 7 வரை காட்டும். 16 ஓம் என்றால் 11-லிருந்து 13, 4 ஓம் என்றால் 3-லிருந்து 3.5. ‘8 என்று எழுதியிருக்கிறது, 6.5தானே வருகிறது, ஸ்பீக்கர் போயிற்றா’ என்று பதற வேண்டாம். மீட்டர் பார்ப்பது காயில் கம்பியின் நேர்மின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் ஓம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை: 80 ஹெர்ட்ஸ் பக்கம் பல மடங்கு ஏறும், 400 ஹெர்ட்ஸ் வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்கும், மேலே போகப்போக மறுபடி ஏறும். எழுதியிருக்கும் 8 ஒரு பெயரளவு எண்.

முக்கியமான சோதனை அடுத்ததுதான். ப்ரோபை எடுக்காமல், பாக்ஸ் ஜாக்கில் குத்தியிருக்கும் பின்னைப் பிடித்து மெல்லத் திருக வேண்டும், ஆட்ட வேண்டும். எண் 6.5-ல் அசையாமல் நின்றால் சரி. 6.5, 9, 30 என்று தாவி, நடுவில் மீட்டர் எண்ணே காட்டாமல் போனால் ஜாக் கெட்டுவிட்டது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், பின்னை அழுத்திப் பிடிக்கும் தகடு வளையும் இடத்தில் பச்சையாகக் களிம்பு படர்ந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, தகட்டைக் கொஞ்சம் உள்பக்கம் வளைத்துவிட்டால் பிடிப்பு திரும்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேலே இருக்கும் நிக்கல் பூச்சு போய், அடுத்த மழைக்குள் இரண்டு மடங்கு களிம்பு பிடிக்கும். ஜாக் விலை சொற்பம், மாற்றிவிடுவதே மேல். கடலோரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும். குலசேகரம், திற்பரப்பு பக்கம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ஒரு ஜாக்குக்கு ஏன் இவ்வளவு பாடு? வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கென்று தனி ஓம் கிடையாது. ஸ்பீக்கரின் ஓமைப் பெருக்கி வால்வுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. இரண்டு இஎல்84 வால்வு போட்ட ஆம்பில், 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் குத்தினால் வால்வு பார்ப்பது சுமார் 8,000 ஓம். அதே ஜாக்கில் 16 குத்தினால் 16,000. பின்னின் தொடர்பு விட்டுப்போனால் எல்லையே இல்லை. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்கும்போது டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அது சுற்றுகளுக்கு நடுவேயோ வால்வு சாக்கெட்டின் கால்களுக்கு நடுவேயோ தாவி எரித்துவிடும். கரகரவென்று விட்டுவிட்டு வரும் ஜாக், பாட்டு முழுக்க இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே புதிதாகப் பாக்ஸ் அடிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: 8 ஓம் வேண்டுமென்றால் இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலில் (ஒவ்வொன்றுக்கும் தனி வழியாக) போடுங்கள். இரண்டு 4 ஓமை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டாலும் 8 வரும், சத்தத்திலும் குறை இருக்காது. ஆனால் சீரிஸில் ஒரு ஸ்பேட் கிளிப் (ஸ்பீக்கர் காலில் வயரைச் செருகும் தகடு) நழுவினாலும் மொத்த லோடும் போச்சு. பேரலலில் ஒன்று போனால் 8, 16 ஆகும். சத்தம் குறைந்து காட்டிக்கொடுக்கும், ஆம்ப் பிழைக்கும். ஸ்பேட் கிளிப்பைக் குறட்டால் இறுக்கி, ஈயமும் வைத்துவிட்டால் அதிர்வில் கழலாது.

நான்கு ஸ்பீக்கர் பாக்ஸில் வரும் மோனோ–ஸ்டீரியோ ஸ்விட்ச்சும் இதே ஆபத்துதான். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்: ஒரு பக்கம் தள்ளினால் 16, மறுபக்கம் 4, ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8. வசதிதான், ஆனால் களிம்பு பிடிக்க இன்னோர் இடம். ஆம்ப் ஓடும்போது அதைத் தொடவே கூடாது. நாங்கள் பரிந்துரைப்பது, ஸ்விட்ச்சை எடுத்துவிட்டு நேராக 16-க்கு வயர் செய்து, வெளியே பெரிதாக ‘16’ என்று பெயின்டில் எழுதிவிடுவது.

இரண்டு பாக்ஸ் குத்தும்போது ஜாக்குகள் பெரும்பாலும் பேரலல். 8-ம் 8-ம் சேர்ந்தால் 4. 16-ம் 16-ம் சேர்ந்தால் 8. 8-ஐயும் 16-ஐயும் கலந்தால் 5.3, அதற்கு 4 ஓம் ஜாக். ஆனால் 20 வாட்டில் 13 வாட்டுக்கு மேல் அந்த 8 ஓம் பாக்ஸுக்கே போகும். அதன் ஸ்பீக்கர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெண்டர் வகை ஆம்புகளில் இன்னொன்று: மெயின் ஸ்பீக்கர் ஜாக் காலியாக இருந்தால் அது தானே ஷார்ட் ஆகிவிடும். வெளிப் பாக்ஸை எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் (இரண்டாவது பாக்ஸுக்கான ஜாக்) மட்டும் குத்தினால் சத்தம் வராது, வால்வுதான் சூடேறும்.

கேபிள் விஷயத்தில் கிட்டார் வயர் வேண்டவே வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே மயிரிழைக் கம்பி. வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி மூன்று மீட்டர், இரண்டு நல்ல மெட்டல் பின். அவ்வளவுதான் செலவு.

டிரான்சிஸ்டர் ஆம்பில் நியாயம் தலைகீழ். ‘குறைந்தது 4 ஓம்’ என்று போட்டிருந்தால் 8, 16 எதையும் குத்தலாம், சத்தம்தான் குறையும். 4-க்குக் கீழே போனால் சூடேறி டிரான்சிஸ்டர் வெடிக்கலாம். சர்ச் ஹால் பி.ஏ. ஆம்பில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தூண் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் டெர்மினல், 8 ஓம் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் கிட்டார் பாக்ஸைக் கட்டினால் கேட்கப்படுவது 12.5 ஆம்பியர், 1,250 வாட். ஒன்று ஆம்ப் போகும், இல்லை ஸ்பீக்கர் காயில் கருகும்.

வால்வு ஹெட்டில் நடுப்பாட்டில் சத்தம் விட்டுப்போனால், கை முதலில் போக வேண்டியது வயருக்கு அல்ல, வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டை மட்டும் நிறுத்தும் ஸ்டேண்ட்பை ஸ்விட்ச்சுக்கு. ஸ்டேண்ட்பை இல்லாத ஆம்பில் கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு பவரை அணைக்க வேண்டும். பின்னை ஆட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு, மீட்டரை வைத்துக்கொண்டு.