பின்கட்டைப் பார்க்காமல் போட்ட சோலார்

வேலூர், காட்பாடி பக்கம் மாடியில் சோலார் போடப் போகிறவர்கள், முக்கியமாக ஒரே மனையில் பெற்றோருக்கென்று தனியாகச் சிறு வீடு கட்டியிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 3,62,000 ரூபாய் போயிருக்கிறது. அதைச் சரிசெய்யக் கொடுத்தது தனி.

அப்பா காலமான பிறகு அம்மாவை ஆரணியிலிருந்து அழைத்துவந்தோம். மருமகன் வீட்டில் எப்படி இருப்பது என்று தயங்கினார். அதனால் கொல்லைப்புறத்தில் ஓர் அறை, சமையல் மேடை, குளியலறை என்று ஒரு பின்கட்டு கட்டிக்கொடுத்தோம். தனி வாசல், தனி மின் மீட்டர். அம்மாவுக்கு வயது 74, முழங்கால் வலி. விடியற்காலையில் வெந்நீர் வேண்டும், கோடையில் மின்விசிறி நிற்கக் கூடாது. சோலார் யோசனையே அதற்காகத்தான் வந்தது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். வெயில் இல்லாத வேலூர் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை. அந்த வெயிலை எங்களுக்கே விற்க 2024 செப்டம்பரில் ஒருவர் வந்தார். முன்வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பேசியில் நான்கு படம் எடுத்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். பணம் என்னுடைய பி.எஃப். பணம், பேசியதெல்லாம் என் கணவரிடம். ஆள் பார்க்க வருவார் என்று அம்மா பின்கட்டைக் கூட்டிப் பெருக்கிக் கதவைத் திறந்துவைத்திருந்தார். வந்தவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அழைத்துப் போகவில்லை.

எங்கள் முன்வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 520 யூனிட் ஆகும், பின்கட்டுக்கு 160. ஐந்நூறைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்று பயமுறுத்தினார். அது உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு 5 கிலோவாட்டைத் தலையில் கட்டினார். நம் ஊரில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் போட்டாலே இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக்கூட அது போதும். இந்தப் பெருக்கல் கணக்கை நான் போட்டது பணம் கொடுத்த பிறகு.

பெரிதாகப் போட்டால் மானியமும் பெரிதாக வரும், ஒரு லட்சத்தைத் தாண்டும் என்றார். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. அதோடு சரி, மேலே எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000 தான். அதுவும் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனம் போட்டிருக்க வேண்டும், இந்தியாவில் தயாரான செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. மானியம் என்னவாயிற்று என்று கேட்டபோதெல்லாம் ‘பிராசஸில் இருக்கிறது சார்’ என்று பதில் வந்தது. கடைசியில் நானே இணையதளத்தில் பார்த்தேன். எங்கள் மின் இணைப்பு எண்ணில் விண்ணப்பமே போடப்படவில்லை.

முன்வீட்டு மின்சாரம் பின்கட்டு பில்லையும் கழித்துவிடும் என்பது அடுத்த வாக்குறுதி. லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்குக் கொடுப்பதையும் அளக்கும் இருவழி மீட்டரைப் பொருத்தியது முன்வீட்டு இணைப்பில். மிச்சம் எவ்வளவு விழுந்தாலும் அந்த இணைப்பின் கணக்கில்தான் விழும். பின்கட்டு பில் வழக்கம்போலத் தனியாக வந்தது.

இதெல்லாம் பணக் கணக்கு, போகட்டும். வெந்நீர்க் கதையைக் கேளுங்கள். 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரை முன்வீட்டு மாடியின் தெருப்பக்கத்து மூலையில் வைத்துவிட்டு, அங்கிருந்து 70 அடிக்கு ஓர் அங்குலக் குழாயைப் பின்கட்டுக்கு இழுத்தார்கள். மேலே வெப்பக் காப்பு உறை எதுவும் சுற்றவில்லை. அந்த நீளக் குழாயில் மட்டும் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் பனியில் ஆறிக் கிடந்த தண்ணீர். மார்கழியில் அம்மா நாலரை மணிக்கு எழுந்து குழாயைத் திறந்தால் முதல் முக்கால் வாளி பச்சைத் தண்ணீராக வரும், பிறகு வெதுவெதுப்பு. பிடித்ததைக் கொட்டவும் மனம் வராமல் செடிகளுக்குச் சுமந்தார், முழங்கால் வலியோடு. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் நான் ஐந்து மணிக்கு எழுந்தபோது, விறகு அடுப்பில் அண்டா வைத்து ஊதிக்கொண்டிருந்தார். “வெயில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது, அதனால்தான்மா” என்றார்.

வைத்ததும் சாதாரண பி.வி.சி. குழாய். வெந்நீருக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. போட வேண்டும் என்பது எந்த பிளம்பருக்கும் தெரியும். பிப்ரவரியிலேயே குழாய் தொய்ந்து, இணைப்புகள் கசிய ஆரம்பித்தன. எங்கள் மாடியில் காவிரித் தண்ணீருக்கு ஒரு தொட்டி, போர் தண்ணீருக்கு ஒரு தொட்டி. ஹீட்டரை இணைத்தது போர் தொட்டியோடு. எங்கள் போர் தண்ணீரின் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்தால் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களுக்குள் அது என்ன செய்திருக்கும் என்று கழற்றியபோது பார்த்தோம். சுண்ணாம்பு தடவியதுபோல இருந்தது.

2025 மே மாதம். பகல் பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. மாடியில் 5 கிலோவாட் வெயிலில் காய்கிறது, கீழே இரண்டு வீட்டிலும் ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. ‘கரண்ட் போனாலும் கவலை இல்லை’ என்று சொன்னவருக்குத் தொலைபேசி செய்தேன். “அது ஆன்-கிரிட் மேடம், அப்படித்தான் இருக்கும்” என்றார். முதல் முறையாக என்னிடம் பேசினார். லைனில் வேலை செய்கிறவருக்கு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதால் மின்வெட்டின்போது, மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் இந்த வகை இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். நிற்பது குறை அல்ல, நிற்க வேண்டும். மின்வெட்டிலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் விலை கூடியிருக்கும், நாங்கள் யோசித்திருப்போம்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு மேல் படிக்கட்டு அறையின் நிழல் இரண்டு பேனல்கள் மேல் சாய்கிறது. வரிசையாகக் கோத்த பேனல்களில் இரண்டு இருண்டால் மற்றவற்றின் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடக்கூடும். நாள் முழுக்க நிழலே விழாத கூரை பின்கட்டுக் கூரைதான். பார்த்திருந்தால்தானே தெரியும்.

பிறகு சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பழைய பிளம்பரை அழைத்துவந்தோம். அவர் நேராகப் பின்கட்டுக்குப் போய் அம்மாவிடம், “பாட்டி, எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள்?” என்று கேட்டார். பின்கட்டுக் கூரைமேலேயே 100 லிட்டர் ஹீட்டர், காவிரித் தொட்டியிலிருந்து இணைப்பு, குளியலறைக்குப் பன்னிரண்டு அடிக் குழாய். மின்வெட்டுக்கு அம்மாவின் அறைக்கு மட்டும் சாதாரண பேட்டரி இன்வெர்ட்டர். இந்த மார்கழியில் அண்டா பரணுக்குப் போய்விட்டது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டு எழுத வேண்டாம்.

புகாரோடு இணைப்பதற்காகப் பழைய கொட்டேஷனை எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம். பின்கட்டு என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மூன்று பக்கத்திலும் கீழே இருப்பது என் கையெழுத்து.