புத்தகம் வாங்கினால் பிடிஎஃப் கொசுறு: பிட்ஸ் அண்ட் மார்ட்டர் சேவை எப்படி?

அமெரிக்காவில் விளையாட்டுச் சரக்கு விற்கும் ஹாபி கடைக்குப் போய் ரோல்பிளேயிங் கேம் புத்தகம் வாங்குகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாது. கல்லாவில் நிற்பவர்களுக்கே சில இடங்களில் தெரியவில்லை, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். விஷயம் எளிதுதான். ஈவில் ஹாட், பெல்கிரேன், ஆர்க் ட்ரீம், கேயோசியம் மாதிரி நடுத்தர, சிறிய பதிப்பாளர்கள் கூட்டாக நடத்துவது பிட்ஸ் அண்ட் மார்ட்டர். 2010-ல் ஆரம்பித்தது. இவர்களுடைய அச்சுப் புத்தகத்தை, தெருவில் கடை போட்டிருக்கும் ஒருவரிடம் வாங்கினால், அதே புத்தகத்தின் பிடிஎஃப் இலவசம். கடைக்காரர் சேரவும் காசு கிடையாது.

பிடிஎஃப் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஆட்டத்தை ஆடியிருக்க மாட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம் இது. கதை நடத்துகிறவர் கையில் இருக்கும் விதிப் புத்தகம் பெரும்பாலும் தலையணை சைஸ். நான் வாங்கியது கால் ஆஃப் துலு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில், கதை நடத்துகிறவருக்கான கீப்பர் புத்தகம், நானூறு பக்கத்துக்கு மேல். யாரோ ஒருவர் பேயைப் பார்த்து அலறி ஓட, துரத்தல் விதி எந்தப் பக்கம் என்று புரட்டிக்கொண்டிருந்தால் மேசையில் சூடு ஆறிவிடும். போனில் ஒரு சொல்லைத் தட்டினால் பத்து விநாடியில் கிடைக்கிறது. அதற்காக அச்சுப் புத்தகம் வேண்டாம் என்றும் ஆகிவிடாது. படங்களைக் காட்ட, சாவகாசமாகப் படிக்க, அலமாரியில் வைத்து அழகு பார்க்க அதுதான் சரி. ஆக இரண்டும் வேண்டும்.

கடைகளுக்கு வலி ஆரம்பித்ததும் இங்கேதான். பதிப்பாளரின் இணையதளத்தில் நேரடியாக வாங்கினால் புத்தகத்தோடு பிடிஎஃப்பும் வரும், கடையில் அதே விலை கொடுத்தால் புத்தகம் மட்டும். அப்படியானால் எவன் கடைக்குப் போவான்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்தச் சேவை, அதை ஒழுங்காகவே அடைத்திருக்கிறது.

நான் போகும் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லாவில் இருந்த பையன் முதலில் முழித்தான். உள்ளே அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த உரிமையாளர் காதில் விழுந்து, கத்தியும் கையுமாகவே வந்து, கல்லாவுக்குக் கீழே இருந்த பழைய லேப்டாப்பைத் திறந்து, தன் கணக்கில் புத்தகத்தின் பெயரைத் தேடி, என் மின்னஞ்சலைக் கேட்டுத் தட்டினார். பற்று அட்டையை பர்ஸில் திரும்ப வைப்பதற்குள் போனில் இணைப்பு வந்துவிட்டது. இதையே இன்னொரு ஊரில் வேறொரு கடையில் கேட்டபோது, விசாரித்து அனுப்புகிறோம் என்று மின்னஞ்சலைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை வரவில்லை. சேவையின் பெரிய பலவீனம் இதுதான், எல்லாமே கல்லாவில் இருக்கும் ஆளைப் பொறுத்தது. புத்தகத்துக்குள்ளேயே ஒரு குறியீட்டைச் சீல் வைத்துக் கொடுத்தால் வாங்கியவரே இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அலமாரியிலேயே கிழித்துப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களும் உண்டு, அதனால் கடைக்காரர் கையில் விட்டிருப்பதைப் பெரிய குறையாகச் சொல்ல மனமில்லை.

இதைவிடப் பெரிய குறை, யார் இதில் இல்லை என்பது. இந்த வகை ஆட்டங்களிலேயே பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) இல்லை. ஒரு சாதாரண ஹாபி கடையில் ஆர்பிஜி (ரோல்பிளேயிங் கேம்) அலமாரியைப் பாருங்கள், கண் மட்டத்தில் இருப்பதெல்லாம் அதுதான், மற்றவர்கள் கீழ்த்தட்டில் குனிந்து தேடும்படி இருப்பார்கள். அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2009-ல் திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி பிடிஎஃப் விற்பனையையே மொத்தமாக நிறுத்தியது, 2013-ல்தான் பழைய பதிப்புகளை மறுபடி விற்க ஆரம்பித்தது. இப்போது அவர்கள் வழியே வேறு. தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2022-ல் அந்த ஆட்டத்தின் டிஜிட்டல் புத்தகங்களை விற்கும் டிஎன்டி பியாண்ட் தளத்தை 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதாவது ஆடுகிறவர்களுக்கான விதிப் புத்தகம், அப்போது அச்சில் 49.99 டாலர். கடையில் அதை வாங்கினால் டிஜிட்டல் பிரதிக்குத் தனியாக இன்னொரு 29.99 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அச்சும் டிஜிட்டலும் சேர்ந்த பொதி அவர்களுடைய சொந்தத் தளத்தில்தான் கிடைத்தது. கடைக்காரர்களைத் தாஜா செய்ய, செப்டம்பர் 17 வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, 3-ஆம் தேதி, தங்கள் கூட்டமைப்பில் உள்ள கடைகளில் விற்க விட்டார்கள். நல்லதுதான். ஆனால் அதே 3-ஆம் தேதி தங்கள் தளத்தின் மேல்நிலைச் சந்தாதாரர்களுக்கும் டிஜிட்டல் பிரதியைத் திறந்துவிட்டார்கள். கடைக்குக் கொடுத்த சலுகையில் பாதி அங்கேயே போச்சு.

கணக்கைப் பார்த்தால் கடைக்காரர் ஏன் புலம்புகிறார் என்று புரியும். ஐம்பது டாலர் புத்தகத்துக்கு மொத்த விநியோகஸ்தர் பதிப்பாளரிடம் சுமார் 20 டாலர் கொடுக்கிறார், கடைக்கு வரும்போது அது 25, 27 ஆகிறது. மிச்சத்தில் வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம். அமேசானில் பிரபலமான புத்தகம் என்றால் கடைக்காரரின் கொள்முதல் விலைக்குப் பக்கத்திலேயே சில நேரம் விற்கிறது. புத்தகக் கடைகள் விற்காததைத் திருப்பி அனுப்பலாம், ஹாபி கடைக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது, வாங்கினால் வாங்கியதுதான், முதல் அப்படியே முடங்கிக் கிடக்கும். மேஜிக் என்ற சீட்டாட்டத்துக்காவது ஆளுக்கு ஆள் வாரா வாரம் சீட்டு பாக்கெட் வாங்குவார்கள், நிறையக் கடைகளின் வாடகை அதிலிருந்துதான் போகிறது. ஆர்பிஜியில் ஒருவர் வாங்கிய புத்தகத்தை வைத்து ஐந்து பேர் மூன்று வருஷம் ஆடலாம்! ஆடுகிறவனுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது, விற்கிறவனுக்கு இதைவிட மோசமான சரக்கும் கிடையாது.

போதாக்குறைக்கு, புத்தகம் அச்சாகும் முன்பே ஆடுகிறவர்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம். அவதார் லெஜண்ட்ஸ் என்ற ஆர்பிஜி 2021-ல் அங்கே 95 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது, கொடுத்தவர்கள் 80 ஆயிரம் பேருக்கு மேல். கடைக்குப் புத்தகம் வரும்போது, முதல் நாளே ஓடிவந்து வாங்கக்கூடிய ஆட்களின் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கும். 2025 ஜனவரியில் டயமண்ட் விநியோக நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது, அதன் கீழ் இருந்த அலையன்ஸ் என்ற கேம் விநியோக நிறுவனத்தை நம்பி ஆர்டர் போட்டுவந்த கேம் கடைகளுக்கும் வயிற்றில் புளி கரைந்தது.

இதையெல்லாம் ஒரு பிடிஎஃப் தீர்க்குமா? தீர்க்காது. கடைக்குள் வந்துவிட்ட ஆள் வெறுங்கையோடு போய் இணையத்தில் வாங்காமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆளை உள்ளே கொண்டுவருவது மேசைதான். நான் போகும் கடையில் புதன்கிழமை இரவு பின்பக்கம் இரண்டு மேசை ஒதுக்குகிறார்கள், உட்கார ஆளுக்கு ஐந்து டாலர், அதைக் கடையில் எது வாங்கினாலும் கழித்துக்கொள்ளலாம். அங்கே ஆடிப் பார்த்தவர்கள் போகும்போது பகடை செட்டாவது வாங்கிப் போகிறார்கள், அடுத்த மாதம் புத்தகம். 2007 முதல் நடக்கும் ஃப்ரீ ஆர்பிஜி டேயும் இதே யோசனைதான், வருகிறவர்களுக்கு இலவசப் புத்தகம். ஆனால் அந்தப் பொதிக்குக் கடைக்காரர் தன் கையிலிருந்து காசு கட்டுகிறார் என்பது வரிசையில் நிற்கும் நிறையப் பேருக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு நேரே வெளியே நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

என்னைக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பெரிய நிறுவனம் உள்ளே வந்தால் நான்கரை கொடுப்பேன், வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. டி அண்ட் டி மட்டும் ஆடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. மற்ற ஆட்டம் வாங்குவதாக இருந்தால், பதிப்பாளர் இதில் இருக்கிறாரா என்று முதலில் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள், காசு கொடுக்கும் முன்பே கல்லாவில் கேளுங்கள், கூட்டமான சனிக்கிழமை மதியம் கேட்காதீர்கள். கடை சேரவில்லை என்றால் உரிமையாளரிடமே சொல்லிப் பாருங்கள். கேயோசியம் புத்தகம் என்றால் இன்னொரு வழியும் உண்டு: அவர்கள் தளத்தில் பிடிஎஃப்பை முதலில் வாங்கினால், பின்னால் அச்சுப் புத்தகத்தை அங்கேயே எடுக்கும்போது அந்தத் தொகையைக் கழித்துத் தருகிறார்கள். ஆனால் புதன்கிழமை மேசை அங்கே கிடையாது.