த மோல்டீஸ் ஃபல்கன்: எந்த இறுவட்டை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம்

தனியார் துப்பறிவாளர் படங்களில் முதலில் பார்க்கவேண்டியது எது என்று கேட்டால் ஜோன் ஹஸ்டன் இயக்கிய ‘த மோல்டீஸ் ஃபல்கன்’ என்றுதான் சொல்லவேண்டும். 1941இல் வந்த இந்தப் படத்துக்கு இப்போது முக்கியமாக மூன்று பதிப்புகள் கிடைக்கின்றன: 2006இன் மூன்று தட்டு டிவிடி, 2010இன் ப்ளூ-ரே, 2023இன் 4கே தட்டு (ப்ளூ-ரேயைவிட நுணுக்கமான படம் தருவது). கொழும்பில் சாதாரண டிவி வைத்திருப்பவர் 2010 ப்ளூ-ரேயை வாங்கினால் போதும். அந்தத் தட்டு நன்றாக இருக்கிறது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் டிவியின் அமைப்புகள்தான்.

இந்தப் படத்தில் துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சண்டை என்று சொல்ல எதுவும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் சில அறைகளுக்குள் ஆட்கள் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள்; பேரம், பொய், மிரட்டல், மறுபடி பேரம். துப்பறிவாளர் சாம் ஸ்பேடாக வரும் ஹம்ப்ரி போகார்ட் ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கிறார், அவருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும் தெரியும். ஆகவே முகத்தில் விழும் நிழலும், வேகமாக வந்து போகும் வசனமும் தெளிவாக இல்லையென்றால் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை.

ஆரம்பத்திலேயே வரும் அலுவலகக் காட்சியை வைத்து டிவியைச் சோதியுங்கள். யன்னல் கண்ணாடியில் எழுதியிருக்கும் ஸ்பேட், அவருடைய கூட்டாளி ஆர்ச்சர் ஆகியோரின் பெயர்களின் நிழல் வெளிச்சத்தோடு தரையில் விழுந்து கிடக்கும். எழுத்தின் ஓரம் கூர்மையாகவும், போகார்டின் கறுப்பு சூட்டில் மடிப்புகள் பிரிந்தும் தெரியவேண்டும். சூட் முழுதும் ஒரே கறுப்பாக இருந்தால் பிளேயரும் டிவியும் எச்டிஎம்ஐ வெளிச்ச எல்லையில் ஒத்துப்போகவில்லை என்று பொருள்: ஒன்று ‘ஃபுல்’, மற்றது ‘லிமிடெட்’. இரண்டையும் ‘லிமிடெட்’ ஆக்குங்கள். கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாக வெளிறிக் கிடந்தாலும் இதே இடத்தைத்தான் பார்க்கவேண்டும்.

படத்தின் அளவு 1.37:1. 55 அங்குல டிவியில் படம் ஏறத்தாழ 94 சென்ரிமீற்றர் அகலத்தில் நிற்கும், இரண்டு பக்கமும் 14 சென்ரிமீற்றர் வீதம் கறுப்புப் பட்டை இருக்கும். அது அப்படித்தான் இருக்கவேண்டும். ‘ஸூம்’ போட்டு நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். 61 வயதில் முதன்முதலாகத் திரைக்கு வந்த சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டைக் கமரா கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. அந்தப் பெரிய வயிறும் அதற்கு மேலே சிரிக்கும் முகமும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதில்தான் அந்தக் காட்சிகளின் மிரட்டல் இருக்கிறது. அதை வெட்டி எறியாதீர்கள்.

அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள், கூர்மையைப் பூச்சியத்துக்கு அருகில் வையுங்கள், ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ வேண்டாம். திரையில் நுண்மணலாக அசைவது 35 மில்லிமீற்றர் பிலிமுக்கே உரிய நுண்துகள் (கிரெய்ன்), அழுக்கல்ல. அதைத் துடைக்கப் போனால் ஆர்தர் எடிசனின் ஒளிப்பதிவு மெழுகுப் பொம்மை முகங்களாகிவிடும். நிறவெப்பத்தை ‘வோர்ம்’ பக்கம் வைத்தால் கறுப்பு வெள்ளையில் நீலம் ஏறாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலைப் பார்த்த வீடுகளில் பின்னேர வெயில் நேரே உள்ளே வரும். ஆறரைக்குப் பிறகு, டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒலி ஒற்றைத் தடம். சவுண்ட்பாரில் ‘சரவுண்ட்’ விளைவு போட்டிருந்தால் குரல் குகைக்குள் இருந்து வருவதுபோல் கேட்கும், எடுத்துவிடுங்கள். தமிழ் உபதலைப்பு கிடையாது. ஆங்கில உபதலைப்பைத் தயங்காமல் போடுங்கள், போகார்டின் வேகத்துக்கு அது தேவைப்படும்.

4கே தட்டு இன்னும் அழகுதான், குறிப்பாக விளக்கொளியிலும் இருட்டின் படிநிலைகளிலும். ஆனால் எச்டிஆரை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) ஒழுங்காகக் காட்டும் டிவியும் 4கே பிளேயரும் இருந்தால்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மனதைச் சங்கடப்படுத்துவது 2006 டிவிடிதான். டாஷியல் ஹமெட் எழுதிய இதே நாவலை வைத்து வோர்னர் நிறுவனம் 1931இலும் 1936இலும் எடுத்த இரண்டு பழைய படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன; ப்ளூ-ரேயில் அவை இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஹஸ்டன் எதைக் கூட்டினார், எதைக் கழித்தார் என்பது விளங்கும். ஆனால் 2006 முதல் 2008 வரை தயாரான தன்னுடைய டிவிடிகள் சில பழுதாகின்றன என்று வோர்னரே 2025இல் ஒப்புக்கொண்டது. கீறல் ஒன்றும் இல்லாமலே படம் பாதியில் உறைந்து நிற்கும். பாவித்த பெட்டி கிடைத்தால் கடையிலேயே போட்டு, நடுப்பகுதியையும் கடைசி அரை மணிநேரத்தையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுங்கள்.

டிவிடி வாங்கும்போது வலய எண்ணையும், அதாவது எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்று குறிக்கும் எண்ணையும் பாருங்கள். இலங்கை வலயம் 5, அமெரிக்கத் தட்டு வலயம் 1. ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் வந்த டிவிடி 4 வீதம் வேகமாக ஓடுவதால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், போகார்டின் குரலும் கொஞ்சம் மெலியும். ப்ளூ-ரேயில் இலங்கை ‘சி’ வலயம். 2010 தட்டுக்கு வலயப் பூட்டு இல்லை, 4கே தட்டுகளுக்கு வலயமே கிடையாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் பிளேயர் கொண்டுவந்தால் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 120 என்றால் நம்முடைய 230 வோல்ட்டில் எரிந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கும் பிரதிகளை அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஊதா நிறம் அடித்தால் அது வீட்டில் கணினியில் பதிந்த டிவிடி. அசல் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி அல்லது இளம் பொன் நிறம். அந்தப் பிரதிகளில் படம் அதிகம் சுருக்கப்பட்டிருப்பதால் இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடையும். இந்தப் படத்தில் பாதி இருட்டுத்தான்.

ப்ளூ-ரேயில் தகவல் படலம் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் விரலடையாளத்தை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவேண்டாம். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் போட்டு வையுங்கள்.

போகார்டின் வாழ்க்கை வரலாற்றை இணைந்து எழுதிய எரிக் லாக்ஸின் உரைத்தடம் (படம் ஓட ஓட அவர் பேசும் விளக்கம்) ப்ளூ-ரேயில் உண்டு. கேட்க நல்லது. ஆனால் கொலைகாரர் யார் என்று தெரியாதவர்கள் முதல் தடவை அதைப் போடவேண்டாம்.