வெயிலில் ஊதா ஓரம்: கேனன் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் திருவிழா, கல்யாணம் என்று படம் எடுப்பவர்கள், கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து இந்த லென்ஸைத் தாராளமாக வாங்கலாம். 2015இல் வந்தது, எடை சுமார் 160 கிராம். இரவு ரத ஊர்வலத்தில்தான் இதன் அருமை தெரியும். பகலில் கவனம் வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே செம்பனை மட்டையை அப்பெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து எஃப்/1.8இல் எடுத்தால் ஓலை நுனியெல்லாம் ஊதாக் கோடு விழும். வெயிலில் மின்னும் பால்குடத்தின் விளிம்பிலும் அப்படித்தான்.

காரணம் கண்ணாடியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆறு வில்லைகளில் நிறப்பிரிகையைக் குறைக்கும் தனி ரகம் ஒன்றுகூட இல்லை. ஊதாவும் நீலமும் சிவப்பைவிட அதிகம் வளைவதால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. ஃபோகஸுக்கு முன்னால் உள்ளவற்றில் மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) ஓரமும், பின்னால் உள்ளவற்றில் பச்சை ஓரமும் தெரியும். இதை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம்: தாலிச் சங்கிலியில் மெஜந்தா தெரிந்தால் ஃபோகஸ் அதற்குப் பின்னால் விழுந்திருக்கிறது.

ஒளி மிஞ்சினால் ஊதா இன்னும் தடிக்கும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/1.8 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/8000 நொடி வேண்டும். தொடக்கநிலை கேமராக்கள் பல 1/4000க்கு மேல் போகாது. வானம் வெளிறத்தான் செய்யும். அப்பெர்ச்சரைச் சுருக்கி எஃப்/2.8க்கு வாருங்கள். 1/3200 போதும், ஊதாவும் நன்றாக அடங்கும். எஃப்/4இல் தேடினால்தான் தெரியும். ரா (RAW) கோப்பாக எடுத்து, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

இதற்காக யூவி ஃபில்டர் வாங்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியே புறஊதாவை வெட்டிவிடுகிறது. மலிவான ஃபில்டர் போட்டால் இரவில் ரத விளக்குகளின் பிரதிபலிப்பு படத்தில் மிதக்கும், அவ்வளவுதான் லாபம்.

கிட் லென்ஸை 18 மி.மீ.இல் வைத்து எடுக்கும்போது மூலைகளில் வரும் சிவப்பு, நீலப்பச்சைக் கோடு வேறு வகை. நிறத்துக்கு நிறம் பிம்பத்தின் அளவு சற்று மாறுவதால் வருவது அது. அப்பெர்ச்சரைச் சுருக்கினாலும் போகாது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் நிறப்பிழைத் திருத்தப் பெட்டியில் ஒரு டிக் போட்டால் போய்விடும். 50 மி.மீ. தரும் ஊதாவுக்கு அந்த டிக் போதாது, ஓர நிறத்தை வெளுக்கும் டிஃபிரிஞ்ச் கருவி வேண்டும். அதையும் படம் முழுக்க இழுத்துவிட்டால் கத்தரிப்பூ நிறச் சேலையின் கரை சாம்பலாகிவிடும். பிரஷ் எடுத்து ஓலை நுனியில் மட்டும் போடுங்கள்.