தகவமைப்பு மென்பொருள், மூக், படிப்பு வட்டம்: முடிவு யார் கையில்?

‘கற்கும் சமூகம்’ என்ற சொல் உலகெங்கும் பரவ, பிரான்சின் முன்னாள் பிரதமர் எட்கார் ஃபோர் தலைமையிலான குழு 1972-இல் யுனெஸ்கோவுக்குத் தந்த அறிக்கை ஒரு பெரிய காரணம். வாழ்நாள் முழுதும் கற்கும் வாய்ப்பைச் சமூகம் எல்லாருக்கும் அமைத்துத் தர வேண்டும் என்றது அந்த அறிக்கை. இன்று மென்பொருள் விற்பவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பொறுப்பு இடம் மாறிவிட்டது. உரிமையாக இருந்த கல்வி, வேலையைத் தக்கவைக்க ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் செய்துகொண்டே இருக்க வேண்டிய கடமையாகிவிட்டது. அதனால் இந்த மூன்று கற்றல் கருவிகளை ஒப்பிடும்போது மதிப்பெண் கூடுமா என்று மட்டும் கேட்டால் போதாது. அடுத்து எதைப் படிப்பது, எது சரியான விடை, பதிவுகள் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

முதலில் தகவமைப்பு மென்பொருள். மாணவரின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தானே எடுத்துக் கொடுக்கும் வகை இது. இதன் வேர் பழையது. 1920-களில் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி உருவாக்கிய கருவியில் மாணவர் நான்கு விசைகளில் ஒன்றை அழுத்தினார். தேர்ந்தெடுப்பது போதாது, விடையை மாணவரே எழுத வேண்டும் என்று 1950-களில் மற்றொரு உளவியலாளரான ஸ்கின்னர் வாதிட்டார். இன்றைய செயலிகளில் பல, திரை பளபளத்தாலும், பிரெஸ்ஸியின் நான்கு விசைகளுக்கே திரும்பிவிட்டன.

உள்ளே நடக்கும் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கார்பெட், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1990-களில் வகுத்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு திறனுக்கும் அதில் நான்கு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு கேள்வியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் தவறும் வாய்ப்பு. இவற்றை வரிசையாக 30, 10, 20, 10 சதவீதம் என்று வைத்துப் பார்ப்போம். தொடர்ந்து மூன்று சரியான விடை கொடுத்தால் மதிப்பீடு 69, 92, 98 என்று ஏறும். 95-ஐத் தாண்டியதும் ‘தேர்ச்சி’ என்று பச்சை விளக்கு எரியும். மூன்றாவது விடை தவறினாலோ 92-இலிருந்து 63-க்கு விழும். மீள இன்னும் இரண்டு சரியான விடை வேண்டும்.

இது எங்கே ஏமாறுகிறது? ‘புள்ளிக்குப் பின் வரும் எண் பெரிதாக இருந்தால் தசம எண்ணும் பெரிது’ என்று நம்பும் மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். 0.75, 0.3 இரண்டில் எது பெரிது? 0.75 என்பார், சரி. 0.62, 0.5? சரி. 0.48, 0.2? அதுவும் சரி. மூன்றும் தவறான விதியால் வந்த சரியான விடைகள். இயந்திரமோ 98 சதவீதம் என்று நம்பி அடுத்த பாடத்தின் பூட்டைத் திறந்துவிடும். 0.35, 0.4 என்று கேட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று ஆசிரியர் கேட்டிருந்தாலும் ஒரே நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். ஆகவே வாங்கும் முன் கேள்வி வங்கியைத் திறந்து பாருங்கள். பத்துக் கேள்விகளில் குறைந்தது மூன்று நான்கு, தவறான விதியை உடைப்பவையாக இல்லையென்றால், டேஷ்போர்டில் எத்தனை பச்சை தெரிந்தாலும் நம்ப முடியாது.

அடுத்தது மூக் எனப்படும் திறந்த இணையவழிப் பாடநெறி. ஒரே பெயருக்குள் இரண்டு எதிரெதிர் கொள்கைகள் இருக்கின்றன. 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டவுன்ஸும் ஜார்ஜ் சீமென்ஸும் நடத்தியதில் கட்டணம் செலுத்தியவர்கள் சுமார் 25 பேர். இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கும் மேல். சேர்ந்தவர்கள் அவரவர் வலைப்பதிவில் எழுத, நடத்தியவர்கள் அவற்றைத் தொகுத்துத் தந்தார்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் 1,60,000 பேர் பதிந்தார்கள். அங்கே காணொளியும் தானியங்கி மதிப்பீடும்தான். பணம் போனது இரண்டாவது வழியின் பின்னால். விளைவு? ஹார்வர்ட், எம்ஐடி நடத்திய மூக் பாடநெறிகளில் 2017-18-இல் பதிந்தவர்களுள் முடித்தவர்கள் 3.13 சதவீதம், சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களுள் 46 சதவீதம். பலர் முடிக்கும் எண்ணமே இல்லாமல் பதிகிறார்கள் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் கதவைத் திறந்து வைப்பதும் கைபிடித்து அழைத்துப் போவதும் வேறு வேறு. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013-இல் அடிப்படைக் கணிதத்தை இந்த வழியில் நடத்திப் பார்த்தது. தேர்ச்சி நேரடி வகுப்பைவிடக் குறைவாக வரவே, சில மாதங்களில் நிறுத்தி வைத்தது.

மூன்றாவது, படிப்பு வட்டம்: சிறு குழுவாகக் கூடிப் படித்துப் பேசுவது. 1902-இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஓல்சன் தொடங்கி வைத்த மரபு. எட்டுப் பத்துப் பேர், ஒரே பாடப்பகுதி, ஒன்றரை மணி நேரம் என்பது நல்ல அளவு. கேள்விகள் இரண்டு நாள் முன்பே கைக்கு வர வேண்டும். நடத்துபவர் முறைவைத்து மாற வேண்டும். இதிலும் கோளாறு உண்டு. இரண்டு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தவறை உறுதி செய்துவிடுவார்கள். நான்கு கூட்டத்துக்கு ஒருமுறையாவது பாடம் தெரிந்த ஒருவர் வந்தால்தான் தீரும்.

கூடச் சேர்ந்து கற்கும் துணையைக் கணினி வழியே தேடலாம் என்று, பள்ளி முறையை விமர்சித்த சிந்தனையாளர் இவான் இல்லிச் 1971-லேயே எழுதினார். அவர் கேட்ட தகவல்: பெயர், முகவரி, சேர்ந்து செய்ய விரும்பும் செயல். அவ்வளவுதான். இன்றைய தளங்கள் ஒவ்வொரு சொடுக்கையும், ஒரு கேள்வியில் எத்தனை விநாடி தயங்கினீர்கள் என்பதையும் சேர்த்தெடுக்கின்றன. துணை தேட அவற்றில் எதுவும் தேவையில்லை.

வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டு போன்ற பயிற்சிக்கு மென்பொருள் போதும். நாளுக்கு 15 நிமிடம், விடைகளை ஆசிரியர் பார்க்கும்படி. ஏற்கெனவே படித்துப் பழகியவர் புதுத் துறைக்குள் நுழைய மூக் நல்லது. கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் பாதியில் விடும் ஆபத்து குறையும். நீண்ட இடைவெளிக்குப் பின் படிக்க வருபவருக்கு எங்கள் பரிந்துரை வட்டம்தான். ‘புரியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல அங்கேதான் ஆள் இருக்கிறார்கள்.

மென்பொருள்தான் என்று முடிவானால், ஒப்பந்தத்துக்கு முன் மாணவர் கணக்கு ஒன்றைத் தொடங்கி வேண்டுமென்றே தவறான விடைகளைக் கொடுங்கள். குறிப்புப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்துங்கள். கடைசிக் குறிப்பில் விடையே வந்துவிட்டால், அதைச் சரியான விடையாகக் கணக்கில் சேர்க்கிறதா, தவறாகவா என்று கேளுங்கள். பிறகு அந்தக் கணக்கின் பதிவுகளைக் கோப்பாக இறக்குங்கள். கேள்வி, மாணவர் தந்த விடை, முயற்சி எண் மூன்றும் வரிக்கு வரி இருக்க வேண்டும். மொத்த மதிப்பெண் மட்டும் வந்தால், அந்த 0.75 மாணவரை உங்களால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.