மற் பைபர் பேப்பர் வாங்குகிறவர்கள் பெட்டியின் அடித்தாளையும் பாருங்கோ

கிளிநொச்சியில் வீட்டோடு ஒரு இருட்டறை வைத்து இன்னும் கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிறேன். பேப்பர் இங்கே எடுக்க முடியாது, கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். அப்படி எடுத்ததில் 28,000 ரூபா போய்விட்டது. காசை விடப் பெரிய மனவருத்தம் வேறு.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா தன் மூத்த மகனின் நெகற்றிவ் ஒன்றைக் கொண்டுவந்தார். 2009இல் வீட்டோடு அல்பங்களும் போக, பிஸ்கற் ரின்னுக்குள் மிஞ்சியது அது ஒன்றுதான். திவசத்துக்குப் பெரிய படமாக வேண்டும் என்றார். நெகற்றிவின் பின்பக்கம் நெற்றிக்கு நேரே ஒரு கீறல். அது படத்தில் வெள்ளைக்கோடாக விழும், பென்சிலால் தொட்டு மறைக்கவேண்டும்.

அதனால்தான் மற் பைபர், அதாவது மினுக்கமில்லாத, பிளாஸ்ரிக் பூசாத படப் பேப்பர் தேடினேன். மினுக்கமான பேப்பரைப்போல ஆழ்ந்த கறுப்பு மற் பேப்பரில் வராது. ஈரமாக இருக்கும்போது நல்ல கறுப்பாகத் தெரிவது காய்ந்ததும் மங்கிவிடும், ஆகவே காய்ந்த பிறகுதான் எக்ஸ்போஷரை, அதாவது தாளுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்பதை, முடிவுசெய்ய வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அலசவும் வேண்டும். ஆனாலும் பென்சிலும் மையும் மற் பேப்பரில் பிடிக்கிறமாதிரி வேறெதிலும் பிடிக்காது. கண்ணாடி போட்டு விளக்குக்கு முன்னால் வைத்தாலும் முகம் முகமாகவே தெரியும்.

இணையத்தில் ஒருவர் இல்போர்ட் மல்ரிகிறேட் பைபர் மற், 8க்கு 10 அங்குலம், 50 தாள் என்று போட்டிருந்தார். பெட்டி ஏற்கெனவே திறந்ததுதான், ஆனால் தாள் குறையவில்லை என்றார். “அண்ணை, மேல இருக்கிற தாளில ரெஸ்ற் பண்ணிப் பாருங்கோ, பிழையெண்டா திருப்பித் தாங்கோ” என்றார். மேல்தாளை வெட்டிப் பார்த்தேன். அசல் பைபர், அழகான வெள்ளை. மிச்சக் காசையும் வங்கியில் போட்டுவிட்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, திவசத்துக்கு நாலு நாள் இருக்க, வேலையைத் தொடங்கினேன். எட்டுத் தாள் எக்ஸ்போஷர் அளவு பார்ப்பதிலேயே முடிந்தது. ஒன்பதாவதைத் தொட்டதுமே கைக்கு விளங்கிவிட்டது, மெல்லிசு. பைபர் தாள் சதுர மீற்றருக்கு 255 கிராம், பிளாஸ்ரிக் பூசிய ஆர்சி 190 கிராம். கழுவுகிற தட்டுக்குள் போட்டால் பைபர் தண்ணீர் குடித்துத் துவண்டுவிடும், இது விறைப்பாக நின்றது. காய்ந்ததைக் கிழித்தேன், ஓரத்தில் பிளாஸ்ரிக் இழை நீண்டுவந்தது. மிச்சம் 42 தாளும் ஆர்சி சற்றின், அரை மினுக்கமானது. பாதிக்கு ஓரம் சாம்பல் பூத்திருந்தது, எப்போதோ வெளிச்சம் பட்டிருக்கிறது.

போன் எடுத்தேன். “மூண்டு கிழமை போச்சு. நீங்கள் மாத்தி வச்சிருக்கலாம். வெளிச்சம் பட்ட பேப்பரை நான் எடுக்கேலாது.” அதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். வெளிச்சம் பட்டால் பழுதாகிவிடும் என்பதால், பெட்டியைத் திறந்து காட்டு என்று இந்தச் சாமானைக் கடையில் கேட்க முடியாது. அவர் நம்பியிருந்தது அதைத்தான்.

திறந்த பெட்டி வாங்கவே வேண்டாம் என்பேன். வாங்கத்தான் வேண்டுமென்றால், வந்த அன்றே சிவப்பு விளக்கில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் தாள் உருவுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு வெட்டி, வேறு வெளிச்சம் காட்டாமல் ஒன்றை நேரே ஹைப்போவிலும் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) மற்றதை டெவலப்பரில் போட்டுப் பிறகு ஹைப்போவிலும் போடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இல்லாவிட்டால் பேப்பர் பழுது. இல்போர்ட் லேபலில் 5கே என்றால் பைபர் மற், 25எம் என்றால் ஆர்சி சற்றின், 44எம் ஆர்சி பேர்ள். ஆனால் என் பெட்டியில் 5கே என்றுதான் இருந்தது, லேபலை மட்டும் நம்பாதீர்கள். சற்றினும் மற் பேப்பரும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள்.

வேறு பேப்பர் எடுக்க நாள் இருக்கவில்லை. சாம்பல் பூக்காத ஆர்சி தாளில் அந்தப் படத்தைப் போட்டேன். கோட்டை மறைக்க எவ்வளவோ பார்த்தேன், பென்சில் வழுக்கிக்கொண்டே போனது. அம்மா இரண்டு தரம் பார்த்தா, நெற்றியை விரலால் தடவினா, சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனா. காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்றும் அந்த விளம்பரம் கிடக்கிறது. அதே பெட்டியின் படம், மூலையில் அதே நீலப் பேனைக் கீறல். அந்தப் பெட்டி என் மேசையில் இருக்கிறது.